வாசித்ததில் சிக்கியவை - 11: முடிச்சுப் போட்டா காத்து நிக்குமா?

போன மாசம் பதிவு வரல. தீசிஸ் கைடு கழுத்துல துண்டைப் போட்டு இறுக்கிட்டார், அதான். "விட்டுது சனியன்"னு நிம்மதியா இருந்தவங்க மன்னிக்கணும், திரும்பி வந்தாச்சு :-)

இந்த மாசம் கொஞ்சம் வில்லங்கமான சப்ஜெக்ட். கடல் சூனியம். சிரிக்காதீங்க. நிஜமாவே இதுக்குன்னு புத்தகங்கள் இருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு அலமாரி நிறைய இருக்கு.

எப்படிச் சிக்குச்சுன்னா, இங்க ட்ரொம்சோவுல என்கூட வீட்டைப் பகிர்ந்துக்கற ஜெர்மன்காரப் பொண்ணு, என் பிறந்த நாளைக்கு ஒரு பொட்டலம் கொடுத்தா. பிரிச்சா, அட்டையில நீலமா அலை, சங்கு, நிலா. கடல் மந்திரம் பழகுவது எப்படின்னு சொல்லித் தர்ற புத்தகம். "நீ மீனவக் குடும்பம்தானே, மீன்வளம்தானே படிக்கிற, உனக்கு ரொம்பப் பிடிக்கும்"னு கண்ணு பளபளக்கச் சொல்றா. எங்க கன்னியாகுமரிக் கரையில இப்படி ஒரு புத்தகத்தோட யாராவது நடந்தா பங்குச்சாமியார் வீட்டுக்கே வந்து மந்திரிச்சுட்டுப் போவார்னு அவளுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? நன்றி சொல்லி வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் ராத்திரி சும்மா புரட்டினேன். புரட்டினது படிச்சதா ஆச்சு. படிச்சது அவ அலமாரியில இருந்த மத்ததையும் கடன் வாங்கறதுல வந்து முடிஞ்சுது.

மொத்தம் மூணு புத்தகம். சாண்ட்ரா கைன்ஸ் எழுதின 'சீ மேஜிக்' (2008). மெலுசின் டிராகோ எழுதின 'ட்ரெடிஷனல் விச்கிராஃப்ட் ஃபார் தி சீஷோர்' (2012). ஆன்வின் அவலான் எழுதின 'வாட்டர் விச்கிராஃப்ட்' (2019). இது கடலை மட்டும் இல்லாம கிணறு, ஆறு, ஏரின்னு கெல்டிக் மக்களோட தண்ணீர் நம்பிக்கைகள் எல்லாத்தையும் தொடுது.

இந்த வகைப் புத்தகங்கள்ல பொதுவா என்ன இருக்கும்னு கேக்கறீங்களா? கடல் ஏறும்போது வேணும்ங்கிறதைக் கேக்கணும், வத்தும்போது வேண்டாததை விட்டுடணும். சிப்பி சங்கை வச்சுக் குறி பார்க்கலாம். ஓட்டை விழுந்த கல் கிடைச்சா நூல்ல கோத்து வாசல்ல கட்டலாம். கடல் உப்பு, கரை ஒதுங்கின கட்டை, அலை தேய்ச்ச கண்ணாடித் துண்டு எல்லாத்துக்கும் ஒரு பயன் உண்டு. முக்கியமா, கயித்துல முடிச்சு.

மூணையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி "எல்லாம் உடான்ஸ்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும். கடலை உக்காந்து பாருன்னு சொல்றாங்க. ஏத்தம் வத்தம் ஏன் தினமும் சுமார் அம்பது நிமிஷம் தள்ளிப் போகுது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏன் கடல் அதிகமா ஏறி அதிகமா இறங்குது, இதெல்லாம் தெரிஞ்சுக்கோன்னு சொல்றாங்க. மந்திரத்துக்காகப் பார்த்தாலும் பார்க்கறது கடலைத்தானே. எங்க தாத்தா இதையெல்லாம் பீடியைப் புகைச்சுக்கிட்டே சொல்லுவார், புத்தகம் போடத்தான் அவருக்குத் தெரியல.

இதுல பல விஷயம் நிஜமாவே பழசு. கொஞ்சம் சரக்கு சொல்றேன், கேட்டுக்கோங்க.

1555-ல ஓலாஸ் மாக்னஸ்னு ஒரு ஸ்வீடன் பாதிரியார், ரோம்ல உக்காந்துக்கிட்டு, வடநாட்டு மக்களைப் பத்தி லத்தீன்ல ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதுல காத்து விக்கிறவங்களைப் பத்தி வருது. காத்து இல்லாம கரையில மாட்டிக்கிட்ட மாலுமிக்கு, காசு வாங்கிக்கிட்டு மூணு முடிச்சுப் போட்ட கயிறு கொடுப்பாங்களாம். முதல் முடிச்சை அவுத்தா மெல்லிசான காத்து. ரெண்டாவதை அவுத்தா நல்ல வேகம். மூணாவதை மட்டும் தொடக் கூடாது, தொட்டா புயல். அந்தக் காட்சிக்கு ஒரு படமும் இருக்கு.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள்ல, ஸ்ட்ரோம்னஸ் ஊர்ல, பெஸ்ஸி மில்லின்னு ஒரு கிழவி ஆறு பென்ஸுக்குக் காத்து வித்தாங்க. 1814-ல சர் வால்டர் ஸ்காட் அவங்களை நேர்ல பார்த்துட்டு வந்து, பிற்பாடு 'தி பைரேட்' நாவல்ல ஒரு பாத்திரத்துக்கு அதைப் பயன்படுத்திக்கிட்டார். கிழவி பாவம், கெட்டில்ல தண்ணியைக் கொதிக்க வச்சு, கப்பலுக்காக வேண்டிக்கிட்டு, ஆறு பென்ஸ் வாங்கினாங்க. இன்னிக்கு நாம டிராவல் இன்ஷூரன்ஸுக்குக் கொடுக்கறதை விடக் குறைவு.

டிக்கன்ஸோட 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். டேவிட் பொறக்கும்போது தலையை மூடியிருந்த சவ்வைப் பதினஞ்சு கினி விலைக்குப் பத்திரிகையில விளம்பரம் பண்ணுவாங்க. அந்தச் சவ்வு கையில இருந்தா கடல்ல மூழ்கிச் சாக மாட்டோம்ங்கிற நம்பிக்கை. அதே நாவல்ல பார்க்கிஸ் கடல் வத்தும்போதுதான் உயிர் விடுவார். கரையோரத்துல சாகறவங்க வத்தத்தோடதான் போவாங்கன்னு ஒரு நம்பிக்கை. அந்த நீல அட்டைப் புத்தகங்கள்ல வர்ற ஏத்தம்-வத்தம் மந்திரத்துக்கும் இதுக்கும் சொந்தம் இருக்குன்னு தோணுது.

இது வரைக்கும் ஜாலியாத்தான் போச்சு.

ஜனவரி கடைசியில ஒரு நாள். சூரியன் ரெண்டு மாசம் கழிச்சு அப்பத்தான் எட்டிப் பார்த்திருந்துது. ரூம்மேட் வந்து, "வா, கரைக்குப் போகலாம், சேர்ந்து முடிச்சுப் போடுவோம், உன் தீசிஸுக்கு நல்ல காத்து அடிக்கட்டும்"னு கூப்பிட்டா. விளையாட்டாத்தான். கையில நீலக் கயிறு கூட வச்சிருந்தா.

என்னால முடியல. "தலைவலி"ன்னு சொல்லிட்டேன். அவ முகம் வாடிப் போச்சு. ஏன் முடியலன்னு எனக்கே சரியா சொல்லத் தெரியல.

சொல்லணும்னா கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்தணும். பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுல அத்தை இருக்காங்க, அப்பாவோட தங்கச்சி. பக்கத்து ஊர்க் கரையில கட்டிக் கொடுத்தாங்க. கல்யாணம் ஆகி நாலாவது வருஷம், ஒரு ஐப்பசி மாசம், மாமா வள்ளத்துல போனவர் திரும்பி வரல. கூடப் போன ரெண்டு பேரும் வரல. நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது இது. உடம்பு எதுவும் கரை ஒதுங்கல.

அதுக்கப்புறம் ஊர்ல ஒரு பேச்சு கிளம்பிச்சு. கிளம்புற ராத்திரி அத்தை மாமாகிட்ட சண்டை போட்டாங்களாம், அவர் சாப்பிடாமப் போனாராம், பொண்டாட்டி கண்ணீரோட அனுப்பின வள்ளம் எப்படித் திரும்பும்னு. யாரும் "சூனியக்காரி"ன்னு சொல்லல, அந்த வார்த்தையே தேவைப்படல. விடிகாலையில வள்ளம் தள்ளும்போது அத்தை மணல்ல எதிர்ப்பட்டா, தள்றவங்க கை நின்னுடும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவங்க தாண்டிப் போறவரைக்கும் காத்திருப்பாங்க. மூணு மாசத்துல அத்தை எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. எங்க ஊர்லயும் அவங்க மீன் எடுக்கக் கரை வழியாப் போக மாட்டாங்க. கோயிலுக்குப் பின்னாடி சுத்தி, முள்ளுக்காட்டு வழியாத்தான் ஏலத்துக்கு வருவாங்க. அந்தக் கூடைச் சாளை வித்த காசுலதான் நான் பிளஸ் டூ முடிச்சேன்.

அதான் மக்களே, கயித்தைப் பார்த்ததும் எனக்கு நீல அட்டை ஞாபகம் வரல. அந்த முள்ளுக்காட்டு வழிதான் ஞாபகம் வந்துச்சு.

கொசுவத்தி முடிஞ்சுது. இப்ப வார்டோவுக்குப் போவோம்.

நார்வே வரைபடத்துல வடகிழக்கு மூலைக்குப் போனா, ஒரு தீவு மேல உக்காந்திருக்கிற சின்ன ஊர் வார்டோ. இஸ்தான்புல்லை விடக் கிழக்கே இருக்குன்னா நம்புவீங்களா? அட்லஸை எடுத்துப் பாருங்க. ட்ரொம்சோவுல இருந்து கடலோரக் கப்பல்ல ரெண்டு ராத்திரி. தீசிஸுக்கு ஒரு மீன் ஆலையில பேட்டி எடுக்கணும்னு பிப்ரவரியில கிளம்பினேன். அது பாதி உண்மைதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை தன்னோட பழைய ஜாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தார். ஃபின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகள்ல 1980-களோட கடைசியில இருந்தே நிறைய ஈழத்தமிழர்கள் வேலை பார்த்திருக்காங்க, இவரும் அதுல ஒருத்தர். "பிள்ளை, அங்கத்தைக் குளிரைக் கூடத் தாங்கலாம். காத்துதான் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்"னார். கப்பலை விட்டு இறங்கின முதல் நிமிஷமே அவர் சொன்னது புரிஞ்சு போச்சு.

இந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னா...

1617-ஆம் வருஷம், டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். வார்டோ, கீபெர்க் கரைகள்ல இருந்து படகுங்க கடல்ல இருந்துச்சு. திடீர்னு ஒரு புயல். பத்துப் படகு போச்சு, நாப்பது ஆம்பிளைங்க போனாங்க. ஃபின்மார்க் முழுசுக்குமே அப்ப ஜனத்தொகை சுமார் 3,000-ன்னு சொல்றாங்க. அதுல சின்னச் சின்னக் கரையூர்கள்ல இருந்து ஒரே நாள்ல நாப்பது பேர்னா யோசிச்சுப் பாருங்க.

வகுப்புல படிச்சதை இங்க சொல்லிடறேன். இந்த பேரண்ட்ஸ் கடல்ல குளிர்காலத்துல, வடதுருவத்துல இருந்து வர்ற கடுங்குளிர்க் காத்து, வெதுவெதுப்பான கடல் மேல ஓடும்போது, 'போலார் லோ'ன்னு சொல்ற சின்னப் புயல்கள் சில மணி நேரத்துக்குள்ள உருவாகிடும். ஒரு நாள்ல முடிஞ்சும் போயிடும். செயற்கைக்கோள் வர்றதுக்கு முன்னாடி இதை முன்கூட்டிப் பிடிக்கறதே கஷ்டம். 1617-ல கரையில நின்னவங்களுக்கு வானம் தெளிவா இருந்த மாதிரியும், யாரோ அவுத்து விட்ட மாதிரியும்தான் தெரிஞ்சிருக்கும்.

யாரோ அவுத்து விட்ட மாதிரி. அந்த 'யாரோ' யாருங்கிறதுதான் பிரச்சினையே.

அதே 1617-ல டென்மார்க்-நார்வே ராஜா நாலாம் கிறிஸ்டியன் சூனியத்துக்கு எதிரா ஒரு கடுமையான சட்டம் போட்டார். அது இந்தக் கோடிக்கு வந்து அறிவிக்கப்பட்டது 1620-ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1619-ல, ஃபின்மார்க்குக்கு அதிகாரியா வந்தவர் ஜான் கன்னிங்ஹாம்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர். ஸ்காட்லாந்துன்னா சும்மா இல்ல. அங்க ராஜா ஆறாம் ஜேம்ஸ், டென்மார்க் இளவரசி ஆனைக் கல்யாணம் பண்ணினப்போ கப்பல்களைப் புயல் அலைக்கழிச்சுது. புயலைக் கிளப்பினது சூனியக்காரிங்கன்னு 1590-91-ல நார்த் பெர்விக் பக்கத்துல பெரிய வழக்கு. பூனையைக் கடல்ல வீசிப் புயல் எழுப்பினாங்கன்னு குற்றச்சாட்டு. ஆக்னஸ் சாம்ப்சன்னு ஒரு மருத்துவச்சியைக் கொன்னாங்க. ஜேம்ஸே 1597-ல பேய்-சூனியம் பத்தி ஒரு புத்தகம் எழுதிட்டார். ராஜா எழுதின புத்தகம்னா விமர்சனப் பதிவு யாரு போடுவா?

இந்த வழக்குகளைப் பல வருஷமா ஆராய்ஞ்ச வரலாற்றாய்வாளர் லிவ் ஹெலனே வில்லும்சென், கன்னிங்ஹாமோட சேர்ந்து ஸ்காட்லாந்து வகைச் சூனியக் கருத்துகளும் வடக்கே வந்திருக்கும்னு சொல்றாங்க. தனித்தனியா சூனியம் வைக்கற கிழவிங்க போய், சாத்தானோட ஒப்பந்தம் போட்டுக் கூட்டமா வேலை செய்யற சூனியக்காரிகள்ங்கிற கதை வந்துச்சு. கூட்டம்னு வந்துட்டா, பிடிபட்ட ஒருத்தி அடுத்தவங்க பேரைச் சொல்லணும் இல்லையா? அப்படித்தான் ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டிக் கொடுக்க, அவ இன்னொருத்தியைன்னு சங்கிலி நீண்டுது.

தண்ணிச் சோதனைன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. கை காலைக் கட்டிக் கடல்ல போடறது. மிதந்தா குற்றவாளி. மூழ்கினா நிரபராதி. அந்தக் கடல் எவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு காட்ட ஒரு விரலை வச்சுப் பார்த்தேன். பத்து எண்ணறதுக்குள்ள எடுத்துட்டேன்.

1621 வழக்குல எல்ஸே க்னுட்ஸ்டாட்டர்னு ஒரு பொண்ணு. அவங்க வாக்குமூலத்துல அந்த 1617 புயல் வருது. எப்படி எழுப்பினாங்களாம் தெரியுமா? மீன்பிடிக் கயித்துல மூணு முடிச்சுப் போட்டு, அது மேல துப்பி, அவுத்து விட்டாங்களாம். கடல் சாம்பல் மாதிரி எழும்பிச்சாம். ஜனங்க செத்தாங்களாம்.

மூணு முடிச்சு. ஓலாஸ் மாக்னஸ் படம் போட்டுக் காட்டின அதே முடிச்சு. என் ரூம்மேட் நீலக் கயித்தோட வந்து நின்ன அதே முடிச்சு.

புயலடிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகி, உசிர் போற நிலையில நிக்கிற ஒரு பொண்ணுகிட்ட "எப்படிச் செஞ்ச?"ன்னு கேட்டா என்ன சொல்லுவா? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதையைத்தான் சொல்லுவா. மாலுமிங்க காசு கொடுத்து வாங்கின அந்தக் கயித்துக் கதையே கடைசியில அவ கழுத்துக்கு வந்துடுச்சு.

1600-க்கும் 1692-க்கும் நடுவுல ஃபின்மார்க்ல இப்படி 91 பேரைக் கொன்னிருக்காங்க. 77 பொம்பளைங்க, 14 ஆம்பிளைங்க. ஆம்பிளைங்கள்ல நிறையப் பேர் சாமி இனப் பழங்குடிகள் (நம்ம சாமி இல்லீங்க, அந்த இனத்தோட பேரே அதுதான்). காத்து விக்கிறவங்கன்னு ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கினதும் அவங்கதான். கடைசி வழக்குகள்ல ஒண்ணு ஆண்டர்ஸ் பவுல்சென்னு ஒரு சாமிப் பெரியவர் மேல, 1692-ல. அவர் வச்சிருந்த சடங்கு மேளம்தான் சாட்சி. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே காவல்ல ஒருத்தன் அவரைக் கோடாலியால வெட்டிக் கொன்னுட்டான். அந்த மேளம் டென்மார்க்குக்குப் போய், சாமி மக்களுக்கே சொந்தம்னு எழுதிக் கொடுக்கப்பட்டது 2022-ல. 330 வருஷம்.

1662-63 வழக்குகள்ல சின்னப் பொண்ணுங்களையும் இழுத்தாங்க. பன்னெண்டு வயசுக் குழந்தை சாத்தானைப் பார்த்த கதை சொல்லியிருக்கு. நல்லவேளை, அந்தக் குழந்தைகளை 1663-ல மேல்முறையீட்டுல விடுதலை பண்ணிட்டாங்க.

இவங்க எல்லாருக்குமா வார்டோ கடலோரத்துல ஒரு நினைவிடம் இருக்கு, ஸ்டெயில்னெசெட்னு பேரு. 2011-ல திறந்தாங்க. வடிவமைச்சது சுவிட்சர்லாந்துக் கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோரும், சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும். தூரத்துல இருந்து பார்த்தா, மீன் காயப்போடுற மரச்சட்டத்துல துணியை இழுத்துக் கட்டின மாதிரி நீளமா, 125 மீட்டர். உள்ள ஒரே இருட்டு, ஒடுங்கின வழி. 91 சின்ன ஜன்னல். ஒவ்வொண்ணுலயும் ஒரு பல்ப் தொங்குது. பக்கத்துல ஒரு துணியில அந்த ஆளைப் பத்தி எழுதியிருக்கு. பேரு, எதுக்காகக் குற்றம் சாட்டினாங்க, என்ன தீர்ப்பு. அந்த வாசகங்களை எழுதினது நான் சொன்ன அதே வில்லும்சென்தான்.

காத்துல அந்தத் துணிச்சுவர் படபடன்னு அடிச்சுக்குது. படிச்சுக்கிட்டே போனேன். ஒருத்தி மேல பக்கத்து வீட்டுக்காரன் நோய்வாய்ப்பட்டதுக்குப் பழி. ஒருத்தி மேல படகு கவுந்ததுக்குப் பழி. இன்னொருத்தி மேல மீனைக் கரையை விட்டு விரட்டினதா பழி. மீன்வள மேலாண்மை படிக்க வந்தவளுக்கு இது எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க? மீன் வரத்துக் குறைஞ்சதுக்கு நாங்க மாடல் போட்டு, வெப்பநிலை பார்த்து, பிடிப்புக் கணக்குப் பார்த்துத் திணறறோம். அவங்களுக்கு ஒரு பொம்பளை போதுமா இருந்திருக்கு.

பக்கத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒரு நாற்காலி. அதுல தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சுத்தி உயரமான கண்ணாடிகள். நீங்க நிக்கிற இடத்துல இருந்து தீயும் தெரியும், உங்க முகமும் தெரியும். அதுக்கு மேல நான் எதுவும் விளக்க வேண்டாம்.

இப்ப புத்தகத்துக்கு வர்றேன்.

என் ரூம்மேட்டோட அலமாரி மேல எனக்குக் கோபம் இல்ல. அவளுக்குக் கடலே புதுசு, கடலுக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பொறந்தவ. தனியா இருக்கா, இருட்டுக் காலத்துல மனசு கெட்டுப் போகுது, கரையில போய் ஒரு கயித்துல முடிச்சுப் போட்டு மனசுல இருக்கறதைச் சொல்லிட்டு வந்தா லேசா இருக்குங்கிறா. நாம மாதாகிட்ட மெழுகுவர்த்தி ஏத்தறதும், வேளாங்கண்ணிக்கு நடக்கறதும் வேற என்ன?

எனக்கு இடிக்கிறது வேற இடத்துல. இந்த வகைப் புத்தகங்கள்ல கடல் சூனியக்காரின்னா சக்தி உள்ள பொண்ணு, சுதந்திரமான பொண்ணு, காத்தைக் கையில வச்சிருக்கறவ. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வார்டோவுல அந்தப் பேரை எந்தப் பொண்ணும் தானா எடுத்துக்கல. மத்தவங்க கொடுத்தாங்க. அவ கையில காத்து இருந்துச்சுன்னு சொன்னது அவ இல்ல, அவளை எரிச்சவங்க. நாப்பது பேரைக் கடல் கொண்டு போனதும், பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். கடலைக் கூண்டுல ஏத்த முடியாது. கரையில நிக்கிறவளை ஏத்தலாம்.

செம்மீன் ஞாபகம் வருதா? தகழி 1956-ல எழுதினது, சுந்தர ராமசாமி தமிழ்ல கொண்டு வந்தது. கரையில இருக்கிற பொண்டாட்டி ஒழுக்கமா இருந்தாத்தான் கடல்ல போன புருஷன் பத்திரமா திரும்புவான்ங்கிற நம்பிக்கை மேல நிக்கிற நாவல். பள்ளிக்கூடத்துல படிச்சப்போ காதல் கதையாத்தான் படிச்சேன். வார்டோ ஜன்னலைப் பார்த்துட்டு வந்த ராத்திரி அது வேற மாதிரி தெரிஞ்சுது. வள்ளத்துல போறவன் காத்தைப் பார்க்கணும், நீரோட்டத்தைப் பார்க்கணும். அவன் உயிரோட பாரம் மட்டும் அவ தலையில. நல்லபடியா திரும்பினா அவன் திறமை, திரும்பலன்னா அவ தப்பு.

அதனால என்னோட பரிந்துரை ரொம்ப சிம்பிள். அந்த நீல அட்டைப் புத்தகங்களைப் படிக்கணும்னா படிங்க. கூடவே கிரண் மில்வுட் ஹார்கிரேவ் எழுதின 'தி மெர்சீஸ்' (2020) நாவலையும் வச்சுக்கோங்க. 1617 புயல்ல ஆம்பிளைங்களை இழந்த வார்டோ பொண்ணுங்களைப் பத்தின கதை. ஆம்பிளைங்க இல்லாத ஊர்ல அவங்களே படகு எடுத்துக் கடலுக்குப் போறாங்க. அப்புறம் என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். மெழுகுவர்த்தியும் சங்கும் வச்சு முடிச்சுப் போடறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுட்டு, அதுக்கப்புறமும் போடத் தோணினா, தாராளமா போடுங்க.

வார்டோவுல இருந்து திரும்பி வந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா, அப்பா எல்லாரும் பேசி முடிச்சப்புறம் அத்தைகிட்ட கொடுக்கச் சொன்னேன்.

"என்ன மக்ளே, தின்னியா? அங்க குளிரு எப்படி இருக்கு?"

இருக்குன்னேன். அப்புறம் கதையைச் சொன்னேன். நானூறு வருஷத்துக்கு முன்னாடி, இங்க ஒரு கரை, நாப்பது பேர் போனது, பொம்பளைங்களைப் பிடிச்சது, எரிச்சது, எல்லாம். அத்தை நடுவுல பேசவே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு ரெண்டு தடவை "ஹலோ" சொன்னேன்.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்"னாங்க.

அப்புறம், "அவளுவ செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாளுவளா?"

"அடிச்சா ஒத்துக்கத்தானே செய்வாங்க, அத்தை."

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. பின்னாடி கோயில் மணி கேட்டுச்சு.

"அடிக்காமலும் ஒத்துக்கிடுவாவ மக்ளே. அன்னைக்கு ராத்திரி நான் சண்டை போட்டது நிசந்தான். சோத்தை வைக்கல. அதை நான் யாருட்டயும் இல்லன்னு சொன்னதே இல்லியே."

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அவங்களே அவங்களைக் கூண்டுல நிக்க வச்சிருக்காங்க. நான் என்னென்னவோ சொன்னேன். ஐப்பசிக் கடல், காத்தழுத்தத் தாழ்வு, அந்தக் காலத்துல வள்ளத்துல ரேடியோ கிடையாது, கரையில எச்சரிக்கை கொடுக்க ஆள் கிடையாது. ஊர்ல எந்தப் பொண்டாட்டிதான் புருஷன்கிட்ட சண்டை போடல, அத்தனை வள்ளமும் கவுந்துதான்னு கேட்டேன். முதுகலை படிப்பு எல்லாத்தையும் கொட்டினேன்.

அத்தை "உம்" கொட்டிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, "அந்தப் பிள்ளை என்னமோ கயித்துல முடிச்சுப் போட்டான்னியே, எத்தனை?"ன்னாங்க.

"மூணு."

"மூணா?" பட்டுனு சிரிச்சுட்டாங்க. "மூணு முடிச்சுக்குக் காத்து நிக்குமாக்கும்? நான் இந்தக் கையால வலைக்கு எத்தனை லட்சம் முடிச்சுப் போட்டிருப்பேன்! என் முடிச்சுக்குக் காத்து நிக்கும்னா உங்க மாமன் திரும்பி வந்திருக்க மாட்டாரா?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா சொல்லி முடிச்சதும் அவங்களே நிறுத்திட்டாங்க, தான் சொன்னதைத் தானே இப்பத்தான் கேட்ட மாதிரி. அப்புறம் "காசு ஏறும், வை மக்ளே"ன்னாங்க. வாட்ஸப்ல பேசினா காசு ஏறாதுன்னு நூறு தடவை சொல்லியாச்சு.

அவங்க முள்ளுக்காட்டு வழியை விட்டுட்டு இனி கரை வழியாப் போவாங்கன்னு நான் சொல்ல வரல. ஒரு போன் காலுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஜூன்ல ஊருக்குப் போறேன். விடிகாலையில ஏலத்துக்கு அவங்ககூட நானும் போகப் போறேன், மணல் வழியா. யாரு கை நிக்குதுன்னு பார்க்கலாம்.

ரூம்மேட்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிட்டேன். அழுதுட்டா. நீலக் கயித்தைத் தூக்கிப் போடப் போனா, தடுத்துட்டேன். எங்க அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த வலை முடிச்சை அவளுக்குக் கத்துக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். பதினேழு முடிச்சு போட்டிருக்கா, பதினேழும் கோணல். மீன் எல்லாம் சிரிச்சுக்கிட்டே வெளிய போயிடும் :-)

அடுத்த பதிவுல கொஞ்சம் லேசா ஏதாவது பார்ப்போம், சமையல் புத்தகம் எதையாவது பிடிக்கலாமான்னு யோசனை. வர்ட்டா?

பி.கு: உங்க ஊர்க் கரையில, இல்ல உங்க வீட்டுலயே, இப்படி 'சுத்து வழியா'ப் போற அத்தையோ சித்தியோ யாராவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் வேண்டாம். எந்த வழியாப் போறாங்கன்னு மட்டும் எழுதினாப் போதும்.